பவர் கண்ணாடியும் நீலப் புள்ளியும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் தங்கை விட்டுப்போன பிள்ளை, ஆறாவது என் முதலாளி.

முதலாளியை வளர்த்தேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செல்லையா முதலாளிக்கு மூக்குச் சிந்தத் தெரியாத வயதில், அவருடைய அப்பாவின் மணவறைக் கம்பெனியில் பூக்கட்ட வந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டதும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவார். அவர் எழுதுவது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், எண்கள் தெரியும். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் அந்தக் கடையைத் தாண்டிவிடும். அதனால் அவர் முடித்துவிட்டாரா என்று மட்டும் பார்ப்பேன். பிற்காலத்திலும் அவரிடம் அதையேதான் பார்த்தேன்.

இப்போது கம்பெனியை நடத்துவது அவருடைய மகள் ஷாமினி. போன வாரம் வீட்டுக்கு வந்தாள். கையில் போன்.

"ஆன்ட்டி, உங்க நீல லைட்டு செத்துப்போச்சு லா. புதுசு வாங்கப் போறேன். இதப் பாருங்க."

போனில் ஒரு பையன் கையில் நீல விளக்கைப் பிடித்து, எட்ட இருந்தே தீக்குச்சியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"நம்மகிட்டத்தான் தீப்பெட்டி இருக்கே" என்றேன்.

"அதுக்கில்ல ஆன்ட்டி. பவர் அப்படி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினால் நேரமாகும் என்றேன். "அப்போ எழுதிக் குடுங்க, ஸ்டோர்ல ஒட்டி வைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு எழுத்து வராது என்று தெரிந்துதான் சிரித்தாள். தருகிறேன் என்றேன். என் பேத்தி தர்ஷினி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான் சொல்லச் சொல்ல அவள் ஒழுங்கான தமிழில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பேசியவர்களின் பேச்சில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பாகான் டாலாமிலிருந்து நடந்து வந்து, கடலைத் தாண்ட ஃபெரிப் படகு ஏறுவேன். ஜார்ஜ் டவுனில் இறங்கினால் கம்பெனி. முதலில் பூ, பிறகு துணி, பிறகு தூண். பெரிய முதலாளி கண்ணை மூடுவதற்கு முன் என் பெயரைச் சொல்லி, "மணவறைய பாக்கியம் பாத்துக்கும், பையன நீங்க பாத்துக்கங்க" என்று தன் மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மாளும் சில வருடங்களில் போய்விட்டார். இரண்டையும் நானே பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

மணவறை கட்டுவது என்றால் துணி போர்த்துவது என்று நினைக்கிறார்கள். முதலில் இரும்புச் சட்டம். அதில் பின்துணி, மடிப்பு மடிப்பாக. பிறகு தூண்கள். பூ கடைசி. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். மேலே நடு இடம் என்று ஒன்று உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும்போது இரண்டு தலைக்கும் நடுவே, நேர் உச்சியில். அங்கே பெரிய பூப்பந்து தொங்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் மாப்பிள்ளைக்குத் தலையில் கொண்டை முளைத்த மாதிரி போட்டோவில் காலத்துக்கும் நிற்கும். ஏணியில் இருப்பவனுக்கு நடு தெரியாது; அவன் மூக்கு துணியில் ஒட்டியிருக்கும். போட்டோக்காரர் நிற்கப்போகும் இடத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். என் மணவறையில் கொண்டை முளைத்த மாப்பிள்ளை ஒருவரும் கிடையாது. வேண்டுமானால் பழைய ஆல்பங்களை எடுத்துப் பார்க்கலாம்.

ஏணியில் இருப்பவன் மூர்த்தி. எங்கள் பாகான் டாலாம்காரன்தான். சின்ன வயதில் கவண்கல் பட்டு இடது கண் போய்விட்டது. அதற்காக அவன் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "எல்லாரும் குறி பாக்க ஒரு கண்ண மூடணும். நான் எப்பவும் ரெடி" என்பான். ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ஆணி இங்கே இருக்கிறது என்று கை நீட்டுவான், அது இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அவனுக்கு இடத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டும். அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அவன் ஏறும் ஏணி எல்லாமே அந்த ஒரு கண்ணில்தான் நின்றன.

ஆரம்பத்தில் வாயால்தான் சொல்லுவேன்.

"கொஞ்சம் லெப்டு."

"என் லெப்டா, உங்க லெப்டா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ரெண்டு பேரும் துணியத்தானே பாக்கிறோம்."

"நான் உங்களப் பாத்துல்ல பேசறேன்."

கேட்பதற்காகவே அவன் திரும்புவான். திரும்பினதும் அவனுடைய இடது வலதாகிவிடும். மலாயில் இடத்துக்குக் கீரி, வலத்துக்குக் கானான் என்று சொல்லிப் பார்த்தோம். எந்த மொழியில் சொன்னாலும் திரும்பினான்.

பிறகு ஒரு மூங்கில் கழியின் முனையில் துணி கட்டிக் காட்டினேன். மண்டபங்களின் கூரை உயர உயரக் கழியும் நீண்டது. கண்ணாடி விளக்குக் கொத்துகள் தொங்கத் தொடங்கியதும், என் கழியைக் கண்டாலே மண்டபக் காவலர்கள் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், பூனைக்கு விளையாட்டுக் காட்டும் சிவப்பு லேசர் விளக்குப் பேனா வந்தது. ஆசையாக வாங்கினேன். நம் மணவறைத் துணி சிவப்பு, ரோஜா சிவப்பு. சிவப்புப் புள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பூனைக்குத் தெரியலாம், மூர்த்திக்குத் தெரியவில்லை. பச்சை வாங்கினேன். மாவிலை, வாழை, வெற்றிலைக்கொடி எல்லாம் பச்சை. மஞ்சளும் வெள்ளையும் பூவிலேயே இருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் நம் மணவறையில் இல்லாத ஒரே நிறம் நீலம்தான். இப்போது சில பெண்கள் ராயல் புளூ துணி கேட்கிறார்கள். அன்றைக்கு மட்டும் பூனை விளக்கை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீல விளக்கைத் தேடி, பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்து, இது ஒரு மில்லிவாட், சுருக்கமாக ஒரு மில்லி, மாணவர்களுக்கு இதுதான் கொடுப்போம் என்றாள். பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தால் எரியும், விட்டால் அணையும். எனக்குப் பிடித்துவிட்டது. விரல் சொன்னபடி கேட்கிற சாமான்.

இங்கேதான் செல்லையா முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்ல மனிதர். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவருக்கு நல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், பவர். மீன்குழம்பு பவர். மழை பெய்தால் பவர். சாவு வீட்டுக்குப் போய் வந்தால், "கூட்டம் பவர் அக்கா" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. கல்யாண வீட்டார் எதிரே வந்தால், கையில் என்ன இருந்தாலும் அது கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் போகும், இரண்டு கையும் உடனே குவியும். இது அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்த மரியாதை. அப்பா சொன்னது கை குவிப்பதை மட்டும்தான். பாக்கெட் இவராகச் சேர்த்துக்கொண்டது. பாதி கடித்த மசால் வடை போயிருக்கிறது. மூடாத பேனா போயிருக்கிறது. பேசிக்கொண்டிருந்த போன் உள்ளே போய், அந்தப் பக்கத்திலிருந்தவர் பாக்கெட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கால்சட்டைகளைத் துவைக்கக் கொடுக்கும் முன்னால் பாக்கெட்டைப் பார்ப்பதும் என் வேலையாகவே இருந்தது.

அந்தப் பேனாவை அவரிடம் காட்டினேன். மண்டபத்து விளக்குகள் எல்லாம் எரியும் நேரம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார்.

"எங்க அக்கா?"

"அந்தா, நடுவுல."

"என்ன இது நோஞ்சான் மாதிரி. எவ்ளோ பவரு?"

"ஒரு மில்லியாம்."

"ஒரு மில்லியா? பிள்ளைக்கு இருமல் மருந்தா குடுக்கப் போறோம்?"

நீலத்தின் குணம் அது. உள்ளே எவ்வளவு இருந்தாலும் கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் காட்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் அப்போது தெரியாது. போனில் தேடி ஒன்று வரவழைத்தார். கறுப்புப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை, அதில் டார்ச் லைட்டைப் போலக் கனமான ஒன்று, கூடவே ஒரு சாவி. விளக்குக்கு எதற்குச் சாவி என்று கேட்டேன். "பவர் அக்கா. மூவாயிரம் மில்லி" என்றார். ஒரு மில்லி இருமல் மருந்து என்றால் மூவாயிரம் மில்லி கள்ளுக்கடை. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"இதப் போடும்போது கண்ணாடி போடணுமாம். விக்கிறவன் போன்ல சொன்னான். தனியா ஸ்பெஷல் கண்ணாடி வாங்குன்னான். என்னை ஏமாத்தப் பாக்கிறான்."

"ஏன் வாங்கல?"

"எதுக்கு வாங்கணும்? பவருக்குப் போடறது பவர் கண்ணாடிதானே. வீட்ல கெடக்கு."

பவர் கண்ணாடி என்று நாம் எதைச் சொல்கிறோம்? எழுத்து மங்கலாகத் தெரிகிறவர்கள், தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் கண்ணாடிக் கடையில் அளவு பார்த்துப் போட்டுக்கொள்வது. பவருக்குப் பவர் கண்ணாடி. கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிடம் சரியென்று பட்டது.

செபராங் ஜெயாவில் ஒரு பெரிய மண்டபம். மறுநாள் காலையில் முகூர்த்தம். பிற்பகலில் நாங்கள் சட்டம் கட்டித் துணி போட்டு முடித்திருந்தோம். பெண் வீட்டார் பணக்காரர்கள், எல்லாம் மின்ன வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதனால் தூண் முழுக்கச் சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள் பதித்த துணி. வாசலில் பலூன் வளைவு. முதலாளி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து மேசையில் கவிழ்த்தார். எல்லாம் மூக்குக் கண்ணாடி. அப்பாவுடையது, சித்தப்பாவுடையது, அவருடைய பழையது, காது உடைந்து நூல் கட்டியது.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. நான் மெஷின ஆன் பண்ணப் போறேன்."

மாட்டினோம். எனக்குக் கிடைத்தது சித்தப்பாவுடையது. மண்டபத்தில் ஆறு தூண் இருந்த இடத்தில் பன்னிரண்டு தெரிந்தது. பூக்கட்டும் பெண்களில் ஒருத்தி மல்லிகைச் சரத்தோடு தன் துப்பட்டாவையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். மூர்த்திக்குக் கிடைத்தது முதலாளியின் அம்மாவுடைய கண்ணாடி. கண்ணில் புரை உரித்த பிறகு போட்ட பழுப்புக் கண்ணாடி, இரண்டு ஓரமும் பூனைக் காது மாதிரி தூக்கியிருக்கும்.

"அக்கா, எப்படி இருக்கேன்?"

"செத்துப்போன பெரிய மொதலாளியம்மா ஏணில ஏறுற மாதிரி இருக்கு. இறங்குடா."

"மொதலாளி ஏறச் சொல்லிட்டாரு. மழைக்கு இருட்டின மாதிரி இருக்கு, பரவால்ல" என்று ஏறிவிட்டான்.

முதலாளி சாவியைத் திருகினார். பின்னால் இருந்த பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். இது விரல் சொன்னபடி கேட்கும் சாமான் இல்லை. ஒரு முறை தட்டினால் எரியும், மறுபடி தட்டும் வரை எரிந்துகொண்டே இருக்கும். நீலக் கோடு ஒன்று மண்டபத்தின் குறுக்கே நின்றது. தொட்டால் கையில் பிடிபடும் போல இருந்தது. வாசலில் ஒரு ஊதாப் பலூன் வெடித்தது.

"பாத்தீங்களா அக்கா. பவர்."

அடுத்தது வெடித்தது. வளைவில் ஓட்டை விழுவதைக் கூடப் பார்க்காமல் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் இருக்கும் என் சேலையில் மை தெளிப்பாரே, அதே சிரிப்பு. பிறகு மணவறைப் பக்கம் திருப்பினார்.

"மூர்த்தி, நடு எதுன்னு காட்டறேன், பாத்துக்க."

எனக்குத் தூண்கள் இரட்டையாகத் தெரிந்தாலும் மூக்கு ஒன்றுதான். துணி கருகும் வாசம் வந்தது. வெல்வெட்டில் புகை. அதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், கோடு மெதுவாகத் தூண் பக்கம் நகர்ந்தது. வட்டக் கண்ணாடிகளில் முதலாவதைத் தொட்டதும், நீலப் பொட்டு ஒன்று கூரையில் பாய்ந்தது. இரண்டாவதைத் தொட்டதும் இன்னொன்று சுவரில். பலூனை வெடித்தது, துணியைக் கருக்கியது, இப்போது கண்ணாடிக்குக் கண்ணாடி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தூணுக்குப் பக்கத்திலேயே மூர்த்தி. அவன் இடம் எங்கே என்று கேட்கத் திரும்பிக்கொண்டிருந்தான். அவன்தான் எப்போதும் திரும்புகிறவனாயிற்றே.

"மூர்த்தி, கண்ண மூடு."

"எந்தக் கண்ணக்கா?"

"இருக்கிறத மூடுடா."

மூடினான். ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். முதலாளியிடம் அணையுங்கள் என்று கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்ன அக்கா என்று கேட்டுக்கொண்டே, கையில் இருப்பதோடு என் பக்கம் திரும்புவார். நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா. அதனால் வேறொன்று சொன்னேன்.

"மொதலாளி, பொண்ணு வீட்டார் வந்துட்டாங்க."

கண் இமைக்கும் நேரத்தில் விளக்கு தலைகீழாகக் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் போனது. இரண்டு கையும் குவிந்தன. காலியாக இருந்த வாசலைப் பார்த்து, "வாங்க, வாங்க, வாங்க" என்று குனிந்தார்.

பாக்கெட்டிலிருந்து புகை வந்தது.

"மொதலாளி, பாக்கெட்டு எரியுது."

"கஸ்டமர் முன்னாடி மெதுவா சொல்லுங்க" என்றார், குவித்த கையை எடுக்காமல்.

"கஸ்டமர் யாரும் வரல."

அதற்குள் சூடு தொடைக்கு எட்டிவிட்டது. ஒற்றைக் காலில் குதித்தார். கையை உள்ளே விட்டு அதை வெளியே எடுத்தால் மறுபடி எந்தப் பக்கம் பாயுமோ. பக்கத்தில் பூ வாளி இருந்தது. தூக்கி அப்படியே பாக்கெட்டில் ஊற்றினேன். மூவாயிரம் மில்லியும் அணைந்தது. முதலாளி இடுப்புக்குக் கீழே நனைந்து, பாக்கெட் வாயில் இரண்டு மல்லிகையோடு நின்றார்.

சிரிக்கத்தான் தொடங்கினோம். அப்போது மூர்த்தி ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வேறு யாருக்கும் கேட்காதபடி என் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, கண்ணுக்குள்ள ஒரு கறுப்புப் புள்ளி நிக்குது."

"எங்க?"

"எங்க பாத்தாலும் அங்க. உங்க மூஞ்சில கூட."

அவன் முகத்தில் வெறும் சிரிப்பு மட்டும் பழக்கத்தினால் மிச்சம் இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். நனைந்த கால்சட்டையோடு காரை எடுத்தார்.

செபராங் ஜெயாவிலேயே அவர் வழக்கமாகக் கண்ணாடி போடும் கடை இருந்தது. அங்கே கண் பார்ப்பது மிஸ் டான் என்ற சீனப் பெண். தமிழ் வாடிக்கையாளர்கள் அதிகம் என்பதால் மலாயும் தமிழும் கலந்து பேசுவார். காரில் மூர்த்தி முன்னால் உட்கார்ந்து, வெளியே ஒவ்வொரு பெயர்ப் பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மொதலாளி, எம் பெரிய மவளுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணணும். மணவறை நம்மளதுதானே?"

"நம்மளதுதான்டா."

"புள்ளி கல்யாணத்தன்னைக்கும் இருக்குமா?"

முதலாளி காரை இன்னும் வேகமாக ஓட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து பவர் என்ற சொல் வராமல் அவ்வளவு தூரம் போனோம்.

கடையில் முதலாளி நடந்ததைச் சொன்னார். பெரிய லைட், கண்ணாடித் தூண், புகை. மிஸ் டானின் முகம் மாறியது.

"கண்ணுக்கு என்ன போட்டது?"

"எல்லாரும் பவர் கண்ணாடி போட்டிருந்தோம் மிஸ்."

"என்ன பவர்?"

"எல்லா பவரும்" என்று சொல்லிப் பையைக் கவுண்டரில் கொட்டினார்.

மிஸ் டான் அந்தக் குவியலைப் பார்த்தார், நனைந்த முதலாளியைப் பார்த்தார், சித்தப்பா கண்ணாடி போட்டிருந்த என்னைப் பார்த்தார். "அலாமாக்" என்றார், ஐயோ என்று நாம் சொல்வது போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆனால் கோபமாகத்தான் சொன்னார்:

"இது பாக்கிறதுக்குக் கண்ணாடி. தடுக்கிறதுக்கு இல்ல. வெயில்ல பூதக்கண்ணாடி வச்சுப் பேப்பர் எரிச்சிருக்கீங்களா? இதுல சிலது அந்த மாதிரி. லைட்ட இன்னும் சேர்த்துக் குடுக்கும். தடுக்கிற கண்ணாடி வேற. அந்தக் கலருக்குன்னே செய்வாங்க. அது இருந்தாலும் இந்த லைட் வீட்ல, மண்டபத்தில தா போலே. தா போலே."

கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். மூர்த்தியை நாற்காலியில் உட்கார வைத்தார். அவன் மூக்கிலிருந்த பூனைக்காதுக் கண்ணாடியை அவரே கழற்றினார். முதலாளியின் உத்தரவு என்று அவன் அதைக் கழற்றாமலே வந்திருந்தான்.

"புள்ளி எங்க இருக்கு?"

மூர்த்தி மேலே பார்த்தான். கீழே பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"போயிடுச்சு மிஸ்."

மிஸ் டான் நம்பவில்லை. கருவியைக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தார். அங்கே பார், இங்கே பார் என்றார். சுவரில் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். எழுத்துப் பெயர் தெரியாது, வடிவத்தைக் காட்டுகிறேன் என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினான். எல்லாம் சரியாக எழுதினான். முதலாளி மூலையில் நின்றார். கை குவிந்திருந்தது. எதிரே கல்யாண வீட்டார் யாரும் இல்லை.

"கண் நல்லா இருக்கு" என்றார் மிஸ் டான். பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வலது கண்ணாடியின் உட்பக்கத்தில் நகத்தால் சுரண்டினார். ஏதோ ஒன்று உரிந்து வந்தது. விரல் நுனியில் ஒட்டிக் காட்டினார்.

கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"அம்மாவோடது" என்றார் முதலாளி. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அந்த அம்மாள் படுக்கும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்பார். காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டைத் தேடுவார். நானே எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பழுப்புக் கண்ணாடியில் கறுப்புப் பொட்டு, வெளியிலிருந்து எப்படித் தெரியும்.

மூர்த்தி அப்போதுதான் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தக் கண்ணைத் துடைத்தான். நாங்களும் சிரித்தோம். மிஸ் டான் மட்டும் சிரிக்கவில்லை. பொட்டை முதலாளியின் உள்ளங்கையில் ஒட்டினார்.

"இன்னைக்குப் பொட்டு. உரிச்சு எடுத்துட்டேன். அந்த லைட் பட்டு வர்ற புள்ளிய யாரும் உரிக்க முடியாது."

மண்டபத்துக்குத் திரும்பினோம். நடு இடம் இன்னும் அப்படியே கிடந்தது, கருகிய இடத்தை மறைக்கவும் பூ வேண்டும். மூர்த்தி ஏணியடியில் நின்றான்.

"அக்கா, அந்தச் சின்னது உங்க கையில இருந்தா ஏறுறேன்."

பையிலிருந்து ஒரு மில்லியை எடுத்தேன். அமுக்கினேன். மண்டபத்து வெளிச்சத்தில் அது எங்கோ நோஞ்சானாகத்தான் தெரிந்தது. முதலாளி வழக்கம்போல் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் தோன்றியது. புள்ளி தெரியவில்லை என்றால் புள்ளியை ஏன் பெரிதாக்க வேண்டும்?

"மொதலாளி, மணவறைக்கு நேரா இருக்கிற லைட்ட மட்டும் அணைங்க."

சுவரோரம் போய் அணைத்தார். மேடைப் பக்கம் மங்கியது. ஏணிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் போதுமான அளவு வந்தது. சிவப்புத் துணியின் நடுவே நீலப் புள்ளி, மூக்குத்திக் கல் மாதிரி நின்றது.

"தெரியுதாடா?"

"சூப்பரா தெரியுது அக்கா. திரும்பவே வேணாம்."

அவன் திரும்பவில்லை. அன்றைக்கு நடு இடம் நூல் பிடித்த மாதிரி வந்தது. மறுநாள் பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, கருகிய இடத்துக்கு மேல் வைத்த பூவளையம்தான் எல்லாவற்றிலும் அழகு என்றார்கள். முதலாளி கை குவித்தார். பாக்கெட்டில் எதுவும் போகவில்லை. அந்தக் கால்சட்டையில் பாக்கெட்டின் வாய் தைத்து மூடப்பட்டிருந்தது. தைத்தவள் நான்.

ஷாமினி, இனி உனக்குச் சொல்கிறேன். விளக்கு பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையிலேயே வாங்கு. பசாரில் வாங்காதே, மேலே ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். எத்தனை மில்லி என்ற எண்ணை மட்டும் பார், ஒன்று என்று இருக்க வேண்டும். அமுக்கினால் எரிந்து, விட்டால் அணைவதாக இருக்க வேண்டும். சாவி இருந்தால், தீக்குச்சி பற்றினால், தனிக் கண்ணாடி வாங்கச் சொன்னால், பெட்டியை மூடித் திருப்பிக் கொடு. சின்னதாக இருந்தாலும் மனிதர் முகத்துக்கு நேரே போகக் கூடாது. மூர்த்தி தலையைத் திருப்புகிறான் என்றால் உன் விரலை எடு. வெளியே வானத்தில் காட்டி விளையாடாதே, நமக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருக்கிறது. புள்ளி தெரியவில்லை என்றால் விளக்கை அணை. அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் அப்பாவின் பாக்கெட்டில் ஓட்டை விழுந்தது சிகரெட்டால் என்று உங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார். நீயும் நம்பியிருக்கிறாய். அவர் சிகரெட் பிடித்து நீ எப்போது பார்த்தாய்?

தர்ஷினி, போதும். மூர்த்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெரிய மகள் கல்யாணத்தில் தன் கையாலேயே நடு இடம் கட்டினவன். இன்றைக்கும் ஏணி ஏறுகிறான். பொட்டு விஷயத்தை எடுத்துவிடச் சொல்கிறான்.

"ஸ்டோர்ல பிள்ளைங்க சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு ஏணில ஏறட்டும்."

எங்கே, முதலிலிருந்து வாசித்துக் காட்டம்மா. மெதுவாக. ஒரு வார்த்தையும் விடாதே. மூர்த்தி, நீ கண்ணை மூடிக்கொண்டு கேள்.

எந்தக் கண்ணை என்கிறான்.

தர்ஷினி, நீ வாசி.